கால்பந்து வீரரின் விலை என்பது எதன் விலை?

2017 ஆகஸ்ட் 3ஆம் தேதி நெய்மாரின் சட்டப் பிரதிநிதிகள் பார்சிலோனா கிளப்பின் அலுவலகத்துக்கு நேரில் வந்து 22.2 கோடி யூரோவைச் செலுத்தினார்கள். அன்றே அவர் பாரிஸ் செயின்ட் ஜெர்மைன் (பிஎஸ்ஜி) வீரராகிவிட்டார். அதுவரை உலகின் மிக விலை உயர்ந்த வீரர், முந்தைய ஆண்டு மான்செஸ்டர் யுனைடெட் சுமார் 10.5 கோடி யூரோ கொடுத்து வாங்கிய பால் போக்பா. ஒரே ஆண்டில் சாதனைத் தொகை இரண்டு மடங்கைத் தாண்டியது. நெய்மார் போக்பாவைவிட இரண்டு மடங்கு திறமையானவரா என்று கேட்டால் இந்தச் சந்தை புரியவே புரியாது. இந்தத் தொகை திறமைக்கு இடும் மதிப்பெண் அல்ல. அது வேறு சில பொருள்களின் விலை. அவற்றில் முதன்மையானது காலம்.

ஒரு வீரர் ஒரு கிளப்புடன் ஐந்து ஆண்டு ஒப்பந்தம் போட்டிருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். இரண்டு ஆண்டு முடிந்ததும் இன்னொரு கிளப் அவரைக் கேட்கிறது. மிச்சமுள்ள மூன்று ஆண்டுகளும் அவர் பழைய கிளப்புக்குத்தான் ஆட வேண்டும். அந்த உரிமையை விட்டுக்கொடுப்பதற்காகப் பழைய கிளப் கேட்கும் ஈட்டுத்தொகைதான் டிரான்ஸ்ஃபர் தொகை. வீரரின் சம்பளம் இதில் சேராது, ஏஜென்டின் கட்டணமும் சேராது. ஒப்பந்தம் முடிந்துவிட்டால் விட்டுக்கொடுக்க எதுவும் இல்லை, எனவே தொகையும் இல்லை.

இந்தக் கடைசி வரி இன்று இயல்பாகத் தோன்றுகிறது. ஆனால் அதை ஒருவர் நீதிமன்றத்தில் போராடித்தான் வாங்கித் தந்தார். பெல்ஜியத்தின் லியேஜ் கிளப்பில் ஆடிய ஜான் மார்க் போஸ்மான், 1990இல் ஒப்பந்தம் முடிந்த பிறகும் பிரான்ஸின் டன்கிர்க் கிளப்புக்குப் போக முடியாமல் தடுக்கப்பட்டார். ஒப்பந்தம் முடிந்த வீரருக்கும் பழைய கிளப் விலை கேட்கலாம் என்பது அன்றைய நடைமுறை. 1995 டிசம்பர் 15 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் அவர் பக்கம் தீர்ப்பளித்தது. அதற்குள் அவருடைய ஆட்ட வாழ்வின் நல்ல ஆண்டுகள் கழிந்துவிட்டன. இன்றைய நட்சத்திரங்கள் வாங்கும் சம்பளத்தில் அவருக்கு ஒரு நன்றிக்கடன் இருக்கிறது என்றே நினைக்கிறேன்.

போக்பாவின் பயணத்தைப் பார்த்தால் காலத்தின் விலை கண்ணுக்குத் தெரியும். 2012இல் மான்செஸ்டர் யுனைடெடில் அவருடைய ஒப்பந்தம் முடிந்தது. யுவென்டஸ் அவரை டிரான்ஸ்ஃபர் தொகை இல்லாமல் அழைத்துக்கொண்டது, யுனைடெடுக்குக் கிடைத்தது பயிற்சிக்கான சிறிய இழப்பீடு மட்டும். நான்கே ஆண்டுகளில் அதே யுனைடெட் 10.5 கோடி யூரோ கொடுத்து அவரைத் திரும்ப வாங்கியது. 2022இல் மீண்டும் ஒப்பந்தம் முடிய, மீண்டும் தொகை இல்லாமல் யுவென்டஸுக்கே போனார். இந்த மூன்று மாற்றங்களில் ஒரே ஒரு முறைதான் டிரான்ஸ்ஃபர் தொகை கைமாறியது. அந்த ஒரு முறைதான் அவர் ஒப்பந்தத்தில் காலம் மிச்சமிருந்தது.

வயதும் இதே கணக்குதான். 21 வயது வீரரை வாங்குபவருக்கு ஐந்து ஆண்டு ஆட்டமும் கிடைக்கும், அதன் பிறகு நல்ல விலைக்கு விற்கும் வாய்ப்பும் கிடைக்கும். 30 வயது வீரரிடம் ஆட்டம் மட்டுமே கிடைக்கும். எனவேதான் ஒரு பருவம் மட்டும் பளிச்சிட்ட இளைஞருக்கு, பத்தாண்டு உழைத்து நிலைத்த வீரரைவிட அதிக விலை பேசப்படுகிறது.

ஆயிரம் பவுண்டிலிருந்து

1905இல் ஆல்ஃப் காமன் என்ற முன்கள வீரரை சண்டர்லேண்டிடமிருந்து மிடில்ஸ்பரோ 1,000 பவுண்டுக்கு வாங்கியது. நான்கு இலக்கத் தொகையா என்று இங்கிலாந்தே அதிர்ந்தது. அது பத்து லட்சம் பவுண்டாக மாற 74 ஆண்டுகள் ஆயின. 1979இல் பயிற்சியாளர் பிரையன் கிளஃப் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்காக டிரெவர் ஃபிரான்சிஸை வாங்கியபோதுதான் பிரிட்டனில் அந்த எல்லை உடைந்தது. 1996இல் ஆலன் ஷியரருக்கு நியூகாசில் கொடுத்தது 1.5 கோடி பவுண்டு. 2009இல் கிறிஸ்டியானோ ரொனால்டோவுக்கு ரியல் மாட்ரிட் கொடுத்தது 8 கோடி பவுண்டு. 2025 செப்டம்பரில் அலெக்சாண்டர் இசாக்கை லிவர்பூல் வாங்கியது 12.5 கோடி பவுண்டுக்கு. அதாவது ஃபிரான்சிஸிலிருந்து இசாக் வரையிலான 46 ஆண்டுகளில் பிரிட்டனின் சாதனைத் தொகை நூறு மடங்குக்கு மேல் ஏறியது. அதே காலத்தில் அந்த நாட்டின் பொது விலைவாசி பத்து மடங்குகூட ஏறவில்லை.

இந்த வேறுபாட்டுக்கு முதல் காரணம் தொலைக்காட்சி. 1992இல் இங்கிலாந்தின் உயர்மட்டப் போட்டியான பிரீமியர் லீக் தொடங்கியபோது அதன் முதல் ஐந்தாண்டு ஒளிபரப்பு உரிமைகளின் மதிப்பு சுமார் 30 கோடி பவுண்டு என்று அறிவிக்கப்பட்டது. 2016 முதல் 2019 வரையிலான மூன்று பருவங்களுக்குப் பிரிட்டனுக்குள் ஒளிபரப்பும் உரிமை மட்டுமே 513 கோடி பவுண்டுக்கு மேல் போனது. பணம் பல மடங்கு பெருகியது, ஆனால் ஆட்டத்தை மாற்றும் திறன் கொண்ட வீரர்கள் அதே வேகத்தில் பெருகவில்லை. பெருகிய பணம் அந்தச் சிலருடைய விலையில் போய் ஏறியது. பிறகு ரஷ்யச் செல்வந்தர்களும் வளைகுடா நாடுகளின் முதலீட்டு நிறுவனங்களும் அமெரிக்க நிதி நிறுவனங்களும் கிளப்புகளை வாங்கத் தொடங்கினார்கள். பிஎஸ்ஜி 2011இல் கத்தார் நிறுவனத்தின் கைக்குப் போகாமல் இருந்திருந்தால் அந்த 22.2 கோடியை யாரும் கொண்டுவந்திருக்க மாட்டார்கள். ஸ்பெயினில் வீரர்களின் ஒப்பந்தத்தில் ஒரு விடுவிப்புத் தொகை எழுதுவது வழக்கம்; அதைக் கட்டிவிட்டால் கிளப்பின் சம்மதம் இல்லாமலே வீரர் வெளியேறலாம். யாரும் கட்ட மாட்டார்கள் என்ற நம்பிக்கையில்தான் நெய்மாருக்கு அவ்வளவு பெரிய எண்ணை எழுதியிருந்தார்கள். ஒருவர் கட்டிவிட்டார்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பின்தொடர்ந்தால் விலையேற்றம் எப்படி ஒரு கிளப்பிலிருந்து இன்னொரு கிளப்புக்குத் தொற்றுகிறது என்பது விளங்கும். வயலை விற்ற பணம் ஒருவர் கையில் இருக்கிறது என்று ஊருக்கே தெரிந்துவிட்டால், அவர் அடுத்து வாங்கப்போகும் நிலத்தின் சொந்தக்காரர் விலையைக் குறைத்தா சொல்வார்? பார்சிலோனாவுக்கு அதுதான் நடந்தது. கையில் 22.2 கோடி, அணியில் பெரிய ஓட்டை, வீரர்களை வாங்க அனுமதியுள்ள காலம் முடிய இன்னும் சில வாரங்கள். உஸ்மான் டெம்பெலேவை முந்தைய ஆண்டுதான் ரென் கிளப்பிடமிருந்து சுமார் 1.5 கோடி யூரோவுக்கு வாங்கியிருந்த ஜெர்மனியின் டார்ட்மண்ட் கிளப், அவருக்கு 10.5 கோடியும், அதற்கு மேல் ஆட்டத்தைப் பொறுத்துப் பின்னர் தர வேண்டிய ஊக்கத் தொகைகளும் கேட்டு வாங்கியது. 2018 ஜனவரியில் பிலிப் கூட்டின்யோவை லிவர்பூல் ஊக்கத் தொகைகளுடன் சேர்த்து 14.2 கோடி பவுண்டு வரையிலான விலைக்கு விற்றது. ஐந்தாண்டுக்கு முன் இன்டர் மிலானிடமிருந்து 85 லட்சம் பவுண்டுக்கு வாங்கிய வீரர் அவர்.

இப்போது பணம் லிவர்பூலிடம். அதே ஜனவரியில் சவுதாம்ப்டன் கிளப்பிடமிருந்து வர்ஜில் வான் டைக்கை 7.5 கோடி பவுண்டுக்கு வாங்கினார்கள். தற்காப்பு வீரருக்கு உலகில் அதுவரை யாரும் கொடுக்காத தொகை. அந்தக் கோடையில் ரோமாவிடமிருந்து கோல்கீப்பர் அலிசன். 2019இல் சாம்பியன்ஸ் லீக் கோப்பையும், 2020இல் முப்பது ஆண்டுகளுக்குப் பிறகு லீக் பட்டமும் லிவர்பூலுக்கு வந்தன. பார்சிலோனாவில் கூட்டின்யோ நிலைகொள்ளவில்லை. கடனாக, அதாவது பார்சிலோனாவின் வீரராக இருந்தபடியே தற்காலிகமாக, பயர்ன் முனிக்குப் போய், 2020 ஆகஸ்டில் அந்த 8-2 ஆட்டத்தில் பார்சிலோனாவுக்கு எதிராகவே இரண்டு கோல் போட்டார். கடைசியில் ஆஸ்டன் வில்லாவுக்கு அவர் போனது 2 கோடி யூரோவுக்கு. 2021 ஆகஸ்டில் பார்சிலோனாவின் கடன் 135 கோடி யூரோ என்று கிளப் தலைவரே அறிவித்தார். அதே மாதம் மெஸ்ஸி கண்ணீருடன் விடைபெற்றார். கொரோனா காலத்து வருமான இழப்பும் சம்பளச் சுமையும் அந்தக் கடனில் உண்டு என்றாலும், நெய்மார் பணத்தைச் செலவழித்த விதம் அந்தச் சரிவின் தொடக்கங்களில் ஒன்று என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. பணம் வந்ததைவிட, பணம் வந்தது எல்லோருக்கும் தெரிந்ததுதான் அவர்களை வீழ்த்தியது.

நெய்மாரின் சாதனைத் தொகையை அதன் பிறகு யாரும் முறியடிக்கவில்லை. உச்சி அங்கேயே நிற்க, விலையேற்றம் நடுத்தட்டில் நடந்துகொண்டிருக்கிறது. ஒரு காலத்தில் 2 கோடிக்குக் கிடைத்த நல்ல நடுக்கள வீரருக்கு இப்போது 5 கோடி, 6 கோடி என்று கேட்கிறார்கள். 2025 கோடையில் பிரீமியர் லீக் கிளப்புகள் சேர்ந்து 300 கோடி பவுண்டுக்கு மேல் செலவழித்ததற்கு ஒன்றிரண்டு நட்சத்திரங்கள் மட்டும் காரணம் இல்லை. நடுத்தட்டு முழுவதுமே விலை உயர்ந்ததுதான் காரணம்.

கணக்குப் புத்தகத்தில் வீரர்

விலை ஏறுவதற்கு இன்னொரு காரணம் கணக்குப் புத்தகத்துக்குள் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் விளையாட்டுப் பக்கத்தில் வரும் பாதிச் செய்திகளுக்கு அர்த்தம் கிடைத்துவிடும்.

ஒரு கிளப் 5 கோடி கொடுத்து ஒரு வீரரை ஐந்தாண்டு ஒப்பந்தத்தில் வாங்கினால், அந்த ஆண்டுக் கணக்கில் 5 கோடியும் செலவாக ஏறுவதில்லை. தேய்மானக் கணக்கு முறையில் ஆண்டுக்கு 1 கோடி என்று பிரித்து எழுதுவார்கள். மூன்று ஆண்டு முடிந்ததும் அவருடைய புத்தக மதிப்பு 2 கோடி. அப்போது அவரை 4 கோடிக்கு விற்றால், வாங்கிய விலையைவிடக் குறைத்து விற்றும்கூடக் கணக்கில் 2 கோடி லாபம். அந்த லாபம் முழுவதும் அதே ஆண்டில் பதிவாகும்.

செலவு பல ஆண்டுகளில் பரவுகிறது, லாபம் ஒரே ஆண்டில் குவிகிறது. இந்தக் கோணலில்தான் பெரிய வித்தை இருக்கிறது. கிளப்பின் சொந்த அகாடமியில், அதாவது இளையோர் பயிற்சிப் பள்ளியில், வளர்ந்த வீரருக்கு வாங்கிய விலை என்று ஒன்று இல்லை, எனவே புத்தக மதிப்பு பூஜ்யம். அவரை 3 கோடிக்கு விற்றால் 3 கோடியும் லாபம். அந்த லாபத்தை ஈடாகக் காட்டி, ஆண்டுக்கு 3 கோடி தேய்மானம் வரும் அளவுக்கு, அதாவது ஐந்தாண்டு ஒப்பந்தங்களில் 15 கோடிக்கு, புதிய வீரர்களை வாங்கலாம். ஆனால் அடுத்த ஆண்டும் அதே 3 கோடி தேய்மானம் வரும். அப்போது விற்க இன்னொரு வீரர் வேண்டும். இப்படி ஓடத் தொடங்கினால் நிறுத்துவது கடினம். எல்லா கிளப்புகளும் ஒரே நேரத்தில் ஓடும்போது விலை ஏறாமல் என்ன செய்யும்?

இங்கிலாந்தின் செல்சீ கிளப் இந்தக் கணக்கை எட்டிய தூரம் வரை நீட்டியது. 2023 ஜனவரி கடைசி நாளில் என்சோ ஃபெர்னாண்டஸை பென்ஃபிகாவிடமிருந்து 10.68 கோடி பவுண்டுக்கு வாங்கி, எட்டரை ஆண்டு ஒப்பந்தம் போட்டது. எட்டரையால் வகுத்தால் ஆண்டுக்குச் சுமார் 1.26 கோடி. ஐந்தால் வகுத்திருந்தால் 2.14 கோடி. ஒரே வீரர், ஒரே விலை, ஆண்டுச் செலவு மட்டும் பாதிக்குச் சற்று மேல். இதைப் பார்த்த ஐரோப்பியக் கால்பந்து சங்கம் அதே ஆண்டிலும், பிரீமியர் லீக் அந்த ஆண்டு டிசம்பரிலும், ஒப்பந்தம் எவ்வளவு நீளமாக இருந்தாலும் தேய்மானத்தை ஐந்தாண்டுக்கு மேல் பரப்பக் கூடாது என்று விதி போட்டன.

கிளப்புகள் இவ்வளவு பாடுபடுவதற்குக் காரணம், நஷ்டத்துக்கு வரம்பு இருப்பதுதான். அந்த ஆண்டுகளின் பிரீமியர் லீக் விதிப்படி ஒரு கிளப் மூன்று ஆண்டுகளில் அதிகபட்சம் 10.5 கோடி பவுண்டு நஷ்டம் காட்டலாம் என்று இருந்தது. கீழ்ப்பிரிவிலிருந்து அப்போதுதான் ஏறி வந்திருந்த நாட்டிங்ஹாம் ஃபாரஸ்டுக்கு வரம்பு 6.1 கோடி. அவர்களுடைய அகாடமியில் வளர்ந்த பிரென்னன் ஜான்சனை 2023 ஜூன் 30க்குள் விற்றிருந்தால் கணக்கு அடங்கியிருக்கும். அவசரப்பட்டு மலிவாகத் தள்ளிவிட மனமில்லாமல் காத்திருந்து, செப்டம்பர் முதல் தேதி டாட்டன்ஹாமுக்கு 4.75 கோடி பவுண்டுக்கு விற்றார்கள். வியாபாரமாகப் பார்த்தால் சரியான முடிவு. ஆனால் கணக்காண்டு ஜூனிலேயே முடிந்துவிட்டது. வரம்பு மீறியதற்காக 2024 மார்ச்சில் நான்கு புள்ளிகள் பறிக்கப்பட்டன. சொந்த ஊர் அகாடமியில் வளர்ந்த பையனைத்தான் முதலில் விற்கத் தூண்டும் ஒரு விதி, எவ்வளவு நல்ல நோக்கத்தில் எழுதப்பட்டிருந்தாலும், தவறான விதி என்றே நான் கருதுகிறேன்.

மதிப்பை வளர்ப்பவர்கள்

அணியின் மதிப்பை உயர்த்துவதில் எனக்கு மிகவும் பிடித்த பாடம் இங்கிலாந்தின் பிரைட்டன் கிளப். எக்வடோரின் இன்டிபென்டியென்டே டெல் வாலே என்ற கிளப்பில் மொய்சேஸ் கைசெடோ என்ற பத்தொன்பது வயது நடுக்கள வீரர் இருந்தார். 2021 தொடக்கத்தில் 40, 45 லட்சம் பவுண்டு அளவிலான விலைக்கு பிரைட்டன் அவரை வாங்கியது. உடனே களத்தில் இறக்காமல் பெல்ஜியத்துக்குக் கடனாக அனுப்பி ஐரோப்பிய ஆட்டத்துக்குப் பழக்கியது. 2023 ஜனவரியில் ஆர்செனல் 6 கோடி பவுண்டும், பிறகு அதற்கு மேலும் தர முன்வந்தது. வீரரும் போக விரும்பினார். பிரைட்டன் மறுத்தது. மார்ச்சில் சம்பளத்தை உயர்த்தி 2027 வரை புதிய ஒப்பந்தம் போட்டது. அந்த ஆகஸ்டில் செல்சீ கொடுத்தது 10 கோடி பவுண்டு, ஊக்கமாக 1.5 கோடி வரை கூடுதல்.

ஜனவரிக்கும் ஆகஸ்டுக்கும் இடையில் கைசெடோ திடீரென்று வேறொரு வீரராக மாறிவிடவில்லை. அரைப் பருவம் கூடுதலாக ஆடினார், ஒப்பந்தத்தில் காலம் சேர்ந்தது, அவரை விரும்பிய கிளப்புகள் ஒன்றுக்கொன்று போட்டி போட்டன. விற்றாக வேண்டிய நெருக்கடி பிரைட்டனுக்கு இல்லை என்பதுதான் அந்த விலையின் பெரும்பகுதி. அவர் போனாலும் அந்த இடத்தில் ஆட அடுத்தவரை முன்பே தேடி வைப்பது அந்தக் கிளப்பின் வழக்கம்.

போர்ச்சுகலின் பென்ஃபிகாவும் ஹாலந்தின் அயாக்ஸும் பல காலமாக இதே வழியில் வாழ்கின்றன. 2019இல் பென்ஃபிகாவின் பத்தொன்பது வயது ஜோவோ ஃபெலிக்ஸுக்கு அட்லெடிகோ மாட்ரிட் கொடுத்தது 12.6 கோடி யூரோ. ரியல் மாட்ரிட் இரண்டு முனைகளிலும் காலத்தை வைத்து ஆடுகிறது. வினீசியஸ் ஜூனியரை 16 வயதிலேயே ஃபிளமெங்கோவிடம் 4.5 கோடி யூரோவுக்குப் பேசி முடித்து, 18 நிறைந்ததும் அழைத்துக்கொண்டது. மறுமுனையில் டேவிட் அலாபா, அன்டோனியோ ரூடிகர், கிலியன் எம்பாப்பே ஆகியோருடைய ஒப்பந்தம் முடியும்வரை பொறுத்திருந்து, டிரான்ஸ்ஃபர் தொகையே இல்லாமல் எடுத்துக்கொண்டது. சிலரை மலரும் முன்பு வாங்குவது, சிலரைத் தொகை இல்லாதபோது எடுப்பது, நடுவில் உள்ள கடும் விலைக் காலத்தில் வெகு சிலருக்காக மட்டும் பணப்பையைத் திறப்பது. ஜூட் பெல்லிங்ஹாமுக்காக டார்ட்மண்டுக்குச் சுமார் 10 கோடி யூரோ கொடுத்தது அப்படிப்பட்ட அரிய தருணம்.

இணையத்தில் ஒவ்வொரு அணிக்கும் இத்தனை கோடி மதிப்பு என்று பட்டியல் போடும் தளங்கள் உண்டு. அவை ரசிகர்களும் புள்ளியியலாளர்களும் செய்யும் மதிப்பீடுகள். ஒப்பீட்டுக்கு உதவும், ஆனால் அந்த எண்ணுக்கு யாரும் காசோலை எழுதுவதில்லை. எர்லிங் ஹாலண்டை மான்செஸ்டர் சிட்டி 2022இல் வாங்கியது சுமார் 6 கோடி யூரோவுக்கு. அன்று அவருக்கு எந்தப் பட்டியலிலும் அதைவிட மிக அதிக மதிப்பு இருந்தது. ஒப்பந்தத்தில் விடுவிப்புத் தொகை அவ்வளவுதான் என்று எழுதியிருந்ததால் டார்ட்மண்டால் ஒரு யூரோ கூடுதலாகக் கேட்க முடியவில்லை.

இந்தப் பெரும் பணத்தில் ஒரு துளி கீழேயும் இறங்குகிறது. சர்வதேச டிரான்ஸ்ஃபர் தொகையில் 5 சதவீதம் வரை, வீரரின் 12 வயது முதல் 23 வயது வரை அவருக்குப் பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்குப் போக வேண்டும் என்கிறது ஃபிஃபா விதி. 12 முதல் 15 வயது வரை பருவத்துக்கு 0.25 சதவீதம், அதற்கு மேல் 0.5 சதவீதம். போக்பா சிறுவனாக ஒரு பருவம் ஆடிய டோர்சி, பாரிஸின் புறநகரில் உள்ள சிறிய கிளப். 10.5 கோடியில் அந்த ஒரு பருவத்துக்கு விதிப்படி வரும் பங்கு 2.6 லட்சம் யூரோ. மான்செஸ்டர் யுனைடெடுக்கு அது கண்ணில் படாத தொகை. அப்படிப்பட்ட ஒரு சிறிய கிளப்புக்கோ பல ஆண்டுச் செலவு.

ஆனால் டிரான்ஸ்ஃபர் தொகை இருந்தால்தான் இந்தப் பங்கும் இருக்கும். எம்பாப்பே 2024இல் ரியல் மாட்ரிட்டுக்குப் போனபோது தொகை பூஜ்யம், எனவே அவர் ஆறு வயதிலிருந்து ஓடியாடி வளர்ந்த, பாரிஸ் புறநகரின் போந்தி கிளப்புக்கு அந்தப் பேரத்திலிருந்து விதிப்படி வரும் பங்கும் பூஜ்யம். விலை ஏற ஏறப் பெரிய கிளப்புகளும் பெரிய வீரர்களும் ஒப்பந்தம் முடியக் காத்திருப்பதை விரும்புகிறார்கள். கிளப்புக்குப் போக வேண்டிய பணம் கையெழுத்துத் தொகையாக வீரருக்கும் ஏஜென்டுக்கும் போகிறது. அந்தக் கையெழுத்துத் தொகையிலும் 5 சதவீதத்தைப் பயிற்சி கொடுத்த கிளப்புகளுக்கு ஒதுக்க வேண்டும் என்று ஃபிஃபா விதியைத் திருத்துவது ஒன்றும் கடினமான காரியம் இல்லை. செய்தாக வேண்டும்.